சோம்பேறிக் கொழுக்கட்டையும் இரண்டு டிக்கும்

நவம்பர் 29, சனி

இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த டைரி. வருஷம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அதற்கு விமோசனம் கொடுக்க எனக்கு நவம்பர் கடைசியில்தான் நேரம் கிடைத்தது.

முதல் பக்கத்தில் பெயர் கேட்கிறது. பேச்சியம்மாள், ப்ளஸ் ஒன், தூத்துக்குடி. குலசாமி பெயர். வாய் மூடாத பிள்ளை என்று பிறந்த அன்றே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பிடித்த விஷயம்: அடுத்தவர்களை முழிக்க வைப்பது. இந்த மாதச் சாதனைகள்: அப்பாவின் ஹெல்மெட்டுக்குள் ரப்பர் பல்லி. அம்மாவின் சீரகத்தையும் சோம்பையும் டப்பா மாற்றி வைத்தது. வகுப்புப் பலகையில் "மழை விடுமுறை" என்று எழுதி, நாற்பது பேரில் பதினொரு பேரை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அனுப்பியது.

இன்றைய வேட்டை பரணில். சித்தப்பாவின் பழைய பைக்குள் அவருடைய கீறல் விழுந்த போன், உள்ளே ஊர் நம்பர் சிம்மோடு. சார்ஜ் போட்டேன், உயிர் வந்துவிட்டது. அவர் கொண்டுபோயிருக்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தப்பா லிங்கதுரை சரக்குக் கப்பலில் சமையல்காரர். மற்றவர்கள் கப்பலேறிப் போய் வாட்ச் வாங்கி வருவார்கள். இவர் போலந்தில் க்டினியா என்ற துறைமுகத்திலிருந்து (சொல்லும்போதே விக்கல் வரும்) சித்தியைக் கூட்டி வந்தார். பெயர் யட்விகா. எங்கள் தெரு எல்கேஜியில் இதே மாதிரிப் பெயரில் மூன்று குழந்தைகள் இருப்பதால் யாரும் அதிர்ச்சியாகவில்லை. வீட்டில் யாஜா. இரண்டு வருஷமாக எங்கள் மாடி அறையில் இருக்கிறாள். தமிழை அம்மாவிடம் கற்றுக்கொண்டதால் பாதித் தமிழ் திட்டுவதற்குத்தான் உதவும்.

முதல் பலி யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 1, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மாலை 4:40. பள்ளிக்கூடம் விட்டு வந்து குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அந்தப் போனிலிருந்து சித்திக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். "saptiya?" சித்தப்பா எந்தக் கடலிலிருந்தும் முதலில் கேட்பது அதுதான்.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் கத்திய கத்தலில் காக்கா பறந்தது. தடதடவென்று இறங்கி வந்தாள். மூன்று நாளாக அவரிடமிருந்து பேச்சு இல்லை. நடுக்கடலில் அது வழக்கம்தான். "அக்கா! கேட்டாங்க! சாப்டியா கேட்டாங்க!" என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்குகிறாள், கதவு இடுக்கில் எல்லாம் தெரிகிறது. கதவைத் திறந்து "ஏமாந்தீயளா?" என்று கேட்பதற்காகத் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அப்போது அப்பா வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்து இன்றுதான் பார்க்கிறேன்.

"மும்பை ஏஜென்ட் போன் பண்ணுனான். சனிக்கிழமை காலையில இருந்து கப்பல்ல யாரும் பதில் சொல்லல. ஆப்பிரிக்காப் பக்கம். கொள்ளைக்காரங்க ஏறியிருப்பானுவன்னு சொல்லுதான். பத்தொன்பது பேரு."

 சித்தி போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இல்ல அத்தான். பாருங்க. இப்ப. இப்ப கேட்டாங்க."

அப்பா வாங்கிப் பார்த்தார். "ஊர் நம்பரு. பழைய போனை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். கெட்டிக்காரப் பய." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அம்மா சாமி விளக்கை ஏற்றினாள்.

நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

சொல்லவில்லை. தமிழ் டெஸ்ட் இருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

ஏஜென்ட் திரும்பவும் பேசினார். ஸ்பீக்கரில் போட்டார்கள். திங்கட்கிழமை ஒரு மெசேஜ் வந்தது நல்ல அறிகுறி, மற்ற பதினெட்டு வீட்டுக்கும் தெரிவித்துவிட்டோம், எல்லோரும் தெம்பாக இருக்கிறார்கள் என்றார்.

பதினெட்டு வீடு. என் சாதனைப் பட்டியலில் இதுவரை அதிகபட்சம் பதினொரு பேர்தான்.

மானம் கப்பலேறும் என்பார்கள். எங்கள் வீட்டில் கப்பல் ஏறியது சித்தப்பா. மானம் குளியலறையில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம். சித்தி அந்த நம்பருக்கு எழுதிக்கொண்டே இருக்கிறாள். போனை அணைத்துத் துணி சோப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறேன். எடுத்தால் கை தானாகப் பொத்தானை அமுக்குகிறது. போனுக்கு உயிர் வந்தவுடன் அவள் அனுப்பியதெல்லாம் வந்து விழும். உடனே அவள் போனில் இரண்டு டிக் காட்டும். மாடியிலிருந்து "அக்கா, டிக்! ரெண்டு டிக்!" என்று சத்தம் வரும். அங்கே இரண்டு டிக் விழுந்தால் இங்கே என் நெஞ்சில் டிக் டிக் டிக்.

"குளியலறைக்குள்ள இவ்வளவு நேரம் என்னட்டி பண்ணுத?" என்கிறாள் அம்மா.

"குளிக்கேன்."

"சத்தத்தைக் காணுமே?"

"அமைதியாக் குளிக்கேன்."

டிசம்பர் 7, ஞாயிறு

விடுமுறை என்பதால் காலை பதினொன்றுக்கே போனை எடுத்தேன். மேலே தெரியும் நோட்டிஃபிகேஷனைக் கீழே இழுத்து அதில் மட்டும் படிப்பது, உள்ளே போய்த் திறப்பதில்லை என்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். திறந்தால் டிக் நீலமாகிவிடும். ஒழுங்கைப் பற்றி நான் எழுதுவதைப் பார்த்தால் எங்கள் தலைமையாசிரியர் மயங்கி விழுவார்.

சித்தி சாப்பிடுவதில்லை. அம்மா தட்டில் இட்லி வைத்தால் அதைப் பிட்டு, பிட்டு, பிட்டு, உப்புமா ஆக்கிவிட்டு எழுந்து போகிறாள். அம்மா முன்பெல்லாம் வாயைத் திறந்தால் "சவத்த மூதி" என்பாள். என்னை, பூனையை, கேஸ் அடுப்பை. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த முதல் வார்த்தை அவள் வாயில் வரவில்லை. பாதித் திட்டோடு நிறுத்திக்கொள்கிறாள். கேட்க என்னமோ மாதிரி இருக்கிறது.

இன்றைக்கு வந்த மெசேஜ் நீளமானது. சித்தி ஆங்கிலத்தில் எழுதியது. என் தமிழில்:

"இன்றைக்கு எனக்கு லெனிவே சாப்பிட வேண்டும் போல இருக்கிறது. ஞாபகம் இருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் காளான் வைத்து, மடித்து மடித்து பியரோகி (அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை) செய்வார்கள். அம்மா மீன் தொழிற்சாலையிலிருந்து அலுத்து வருவாள். பாலாடைக் கட்டியை மாவோடு பிசைந்து, உருட்டி, வெட்டி, வெந்நீரில் போட்டுவிடுவாள். பண்டிகை நாளில் சோம்பேறிப் பியரோகி. வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்று ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். யாரிடமும் சொல்லாதே என்பாள். நான் உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்."

இதைப் படித்தேன் என்று எழுதுவதா, என் கண்ணில் பட்டது என்று எழுதுவதா?

பட்டது.

டிசம்பர் 10, புதன்

அரைப் பரீட்சை ஆரம்பம். காலையில் எழுதிவிட்டு ஒன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். சோப்பு டப்பா இரண்டு மணிக்கு.

கொள்ளைக்காரர்களிடமிருந்து தகவல் இல்லை. கம்பெனியிடமிருந்தும் இல்லை. அப்பா தினமும் ஏஜென்டைக் கூப்பிடுகிறார். "பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்" என்கிறாராம். எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்பாவுக்குக் கேட்கத் தெரியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

பரீட்சை. சோப்பு டப்பா இரண்டு மணி. சித்தி இன்றைக்கு டிக் என்று கத்தவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து என் ஸ்கூல் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை எப்படிட்டி?"

"கணக்கு. அது என்னைப் பார்த்துச்சு, நான் அதைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல."

சிரித்தாள். பதினொரு நாளில் முதல் தடவை.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் நேர்ந்துகொள்ளத் திருச்செந்தூர் போனார்கள். சித்தி மாடியில் படுத்திருந்தாள். சமையலறை என் கைக்கு வந்தது.

லெனிவே என்றால் சோம்பேறி. எனக்காகவே கண்டுபிடித்த பலகாரம். பியரோகி என்ற பெயர்தான் ஏதோ நோயாளி மாதிரி இருக்கிறது.

போலந்துப் பாலாடைக் கட்டிக்கு இங்கே எங்கே போவது? இரண்டு லிட்டர் பாலைக் காய்ச்சி எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்தேன். வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். அதோடு ஒரு முட்டை, இரண்டு கை மைதா, கொஞ்சம் உப்பு. உருட்டி, கத்தியால் சாய்வாக வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.

பன்னீர் வெந்நீரில் விழுந்து தண்ணீர் ஆனது. மிச்சம் கண்ணீர்தான், அதை நான் போட்டேன்.

ஒரு துண்டு கூட மிஞ்சவில்லை. சட்டியில் பசை. போஸ்டர் ஒட்டலாம். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவி, எலுமிச்சைத் தோலைப் பக்கத்துக் காலி மனையில் வீசினேன். சாட்சியத்தை அழிப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. திரும்பினால் சித்தி வாசற்படியில் நிற்கிறாள்.

"என்ன வாசம்?"

"பால் பொங்கிருச்சு சித்தி."

"ம்." போய்விட்டாள்.

காலையில் பார்த்தது போதாமல் மாலை மறுபடியும் சோப்பு டப்பா. ஒரே ஒரு மெசேஜ்: "ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாலாடைக் கட்டியைத் துணியில் கட்டி, மேலே பாரம் வைத்து, ஆறு மணி நேரமாவது விட வேண்டும். ஈரம் இருந்தால் தண்ணீரில் கரைந்துவிடும். அம்மா சலவைக் கல்லைத் தூக்கி வைப்பாள்."

என்ன அதிர்ஷ்டம்! கேட்டது மாதிரியே எழுதியிருக்கிறாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. சித்தப்பா வீட்டுப்படி ஏறுகிற வரைக்கும் இந்த வீட்டுக்குள் மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது என்று அம்மா அறிவித்துவிட்டாள். பூனைக்கும் சேர்த்து.

சித்தி மொட்டைமாடியில் நின்று ஏஜென்டோடு ரொம்ப நேரம் ஆங்கிலத்தில் பேசினாள். என்ன என்று கேட்கவில்லை. இறங்கி வரும்போது முகம் கழுவியிருந்தாள். என்னிடம், "ஏட்டி பேச்சி, நல்லாப் படி" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 19, வெள்ளி

இன்றைக்குச் செத்தேன் என்று நினைத்தேன். (இந்த வார்த்தையை நானும் விட வேண்டும்.)

சாப்பிடும்போது அப்பா சொன்னார், "அந்த ஊர் நம்பரைப் போலீஸ்ல குடுத்தா எந்த டவர்ல இருக்குன்னு கண்டுபிடிச்சிருவாங்களாம். எங்கூட வேலை செய்யுதவரு சொல்லுதாரு. நாளைக்கு எஸ்பி ஆபீஸ் போவோம்."

எந்த டவர் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனை ஜவுளிக்கடை மாடியில் நிற்கிறது.

ரசம் புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள். சித்தி சொன்னாள், "வேண்டாம் அத்தான்."

"ஏம்மா?"

"போலீஸ் தேடினா, கொள்ளைக்காரங்களுக்குத் தெரிஞ்சிரும். போனைப் பிடுங்கிருவாங்க. வேண்டாம்."

அப்பா யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

கடவுள் இருக்கிறார். அவருக்கு என்னைப் பிடிக்கும் போலிருக்கிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் 20, சனி

இரண்டாவது முயற்சி. பால் திரித்து, துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவி. ஆறு மணி நேரம். அம்மா கேட்டதற்கு "கெமிஸ்ட்ரி பிராக்டிகல்" என்றேன். ப்ளஸ் ஒன் படிப்பதில் இருக்கிற ஒரே வசதி, எதைச் செய்தாலும் கெமிஸ்ட்ரி என்று சொல்லிவிடலாம்.

கட்டி நன்றாக வந்தது. ஆனால் முட்டை போட முடியாது. அம்மாவின் விரதம். நான் எதில் வேண்டுமானாலும் விளையாடுவேன், இதில் மாட்டேன். முட்டை இல்லாமல் உருட்டினேன். தண்ணீரில் போட்டதும் வெடித்து, மிதந்து, சட்டி முழுக்கப் பஞ்சு.

இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. கப்பலைத் திருப்ப முடியாது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. ஒரு சோம்பேறிக் கொழுக்கட்டையை வேகவைக்கவும் முடியாது. சோப்பு டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுததில் கண் எரிந்தது. சோப்புதான் காரணம்.

மெசேஜ்: "நான் சிறு பிள்ளையாக இருந்தபோது முட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டும். சில வாரம் கிடைக்காது. அம்மா ஒரு உருளைக்கிழங்கை அவித்து, மசித்துச் சேர்ப்பாள். பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, மெதுவாகக் கொதிக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலேயே நில்."

அடுப்புக்குப் பக்கத்திலேயே நில்லாம். கடலில் பிடிபட்டிருக்கிற மனுஷனிடம் இதையெல்லாம் சொல்கிறாள். பாவம், மனசு எங்கெங்கோ போகிறது போல.

டிசம்பர் 23, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. உருளைக்கிழங்கு போட்டு மூன்று துண்டு மட்டும் செய்து பார்த்தேன்.

மிதந்தது.

டிசம்பர் 24, புதன்

இதை வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நேற்று நடந்தது. தேதியை மட்டும் நேற்றையது போட்டிருக்கிறேன்.

இந்த நாளை சித்தி விகிலியா என்கிறாள். போன வருஷம் சித்தப்பா இருந்தபோது இருவரும் மாடியிலேயே கொண்டாடிக்கொண்டார்கள். இந்த வருஷம் கீழே, எங்கள் கூடத்தில். அவளுடைய அம்மா தபாலில் அனுப்பிய மெல்லிய அப்பம், கோவில் பிரசாதம் மாதிரி ஒரு கவருக்குள். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பிட உட்கார வேண்டுமாம். எங்கள் ஊர் மார்கழி மேகத்தில் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? ஆறு மணிக்கு மேல் மொட்டைமாடியில் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, துறைமுகக் கலங்கரை விளக்கம் ஒரு சுற்றுச் சுற்றியதும் "அதோ" என்றேன். சித்தி ஒத்துக்கொண்டாள்.

பாய் விரித்துத் தட்டு வைத்தாள். நாங்கள் நாலு பேர். ஐந்தாவது தட்டையும் வைத்து, அதில் கொஞ்சம் அப்பத்தையும் பிட்டு வைத்தாள்.

அம்மா குழம்புச் சட்டியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது யாருக்கு?"

"ஆள் இல்லாதவங்களுக்கு அக்கா."

அவள் சொல்ல வந்தது, யார் என்று தெரியாமல் வருகிற ஆளுக்கு என்று. அந்த நாளில் கதவைத் தட்டி யார் வந்தாலும், பிச்சைக்காரனோ விரோதியோ, உட்கார வைத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். அதற்காகவே ஒரு தட்டு. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் சாப்பாடு எடுத்து வைப்பது எங்கள் வீட்டில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

"படையல் போடுதியா?" அம்மா சட்டியைக் கீழே வைத்தாள். "உசுரோட இருக்கவனுக்குப் படையல் போடுதியாட்டி? கேட்டான்ல, சாப்டியான்னு கேட்டான்ல? எடு அதை!" குனிந்து தட்டை எடுத்தே விட்டாள். தட்டு தரையில் இடித்து ணங் என்றது.

சித்தி விளக்கம் சொல்லவில்லை. தமிழ் வரவில்லையோ, தெம்பு வரவில்லையோ. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, யாரும் எதிர்பாராததைக் கொண்டுவந்து நீட்டுவது. சமையலறைக்கு ஓடி, மூடி வைத்திருந்த சட்டியைத் தூக்கி வந்தேன். சாய்வாக வெட்டிய வெள்ளைத் துண்டுகள், மேலே வெண்ணெயில் வறுத்த ரஸ்க் தூள், சர்க்கரை.

"சித்தி, லெனிவே!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த வார்த்தை எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பலகாரத்தைப் பற்றி அவள் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் என்னை உடைத்துவிட்டது.

"நான்தான் கேட்டேன்" என்றேன். "சாப்டியான்னு. பரண்ல போன் இருந்துச்சு. சும்மா வெளையாட்டுக்கு. சித்தப்பா கேக்கல. நான்தான்."

பெயர் பேச்சி. பதினாறு வருஷமாக வாய் ஓயாமல் பேசியதில் இவ்வளவு சின்னதாக எதையும் சொன்னதில்லை.

அம்மா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அப்பா எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அவன் கேக்கலயா?" என்றார். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். "அப்ப அவன் கேக்கலயாட்டி?"

அடித்திருக்கலாம்.

ஓடினேன். செருப்புப் போடாமல் தெருமுனை வரைக்கும். ஜவுளிக்கடைக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே அந்த டவர் சிவப்பு விளக்கால் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வரிசையாக பஸ் வந்து போனது. ஒரு கண்டக்டர், "எங்கம்மா போணும்?" என்றார்.  மழை பிடித்தது. எட்டு மணி இருக்கும், எழுந்து வீட்டுக்கே நடந்தேன். வேறு எங்கே போவது?

கதவு திறந்துதான் இருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று பேரும் பாயில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே விழுந்த தட்டைக் கழுவி, ஐந்தாவது இடத்திலேயே திரும்ப வைத்திருந்தார்கள். நான் வாசலில் சொட்டச் சொட்ட நின்றேன். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை.

சித்தி அந்தத் தட்டைக் கை காட்டினாள். "உக்காரு."

"அது சித்தப்பாவுக்கு..."

"அவங்க தட்டு இல்ல. யாரு வாராங்களோ அவங்க தட்டு. நீ வந்திருக்க. உக்காரு."

உட்கார்ந்தேன்.  அம்மா கரண்டியை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே அந்தத் தட்டில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். உயிரோடு ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் அது படையல் இல்லை. அம்மாவுக்கு அது தெரியும். "தின்னு, மூதி" என்றாள். அந்த முதல் வார்த்தை இல்லாமல்தான்.

சித்தி லெனிவேயில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"மைதா ஜாஸ்தி" என்றாள். அடுத்த துண்டை எடுத்தாள். பத்துத் துண்டு சாப்பிட்டாள். எண்ணினேன்.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன். "சித்தி, எப்பத் தெரியும்?"

"ஸ்கூல் நாள்ல டிக் சாயங்காலம் விழும். ஞாயித்துக்கிழமை காலையில விழும். பரீட்சைன்னா மத்தியானம்." கையிலிருந்த நுரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடல் கொள்ளைக்காரனுக்கு அரைப் பரீட்சை கிடையாது பேச்சி."

"அப்ப ஏன் சொல்லல? ஏன் எழுதிட்டே இருந்தீங்க?"

"சொன்னா அக்கா அழுவாங்க. அத்தான் அழுவாங்க. வீடு சாவு வீடா ஆயிரும்." குழாயை மூடினாள். "அப்புறம்... அந்தப் போனுக்கு எழுதினா ரெண்டு டிக் விழுது. அவங்க புதுப் போனுக்கு எழுதினா ஒண்ணுதான். யாரோ படிக்காங்கன்னா எழுதலாம். யாரும் படிக்காம எப்படி எழுதுவேன்?"

டிசம்பர் 25, வியாழன்

அப்பா ஏஜென்டுக்குப் போன் பண்ணி, அந்த மெசேஜ் பொய் என்று சொன்னார். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் சொன்னார். மேடம் பதினாறாம் தேதியே சொல்லிவிட்டார்கள், மற்ற பதினெட்டு வீட்டுக்கும் அன்றைக்கே தெரிவித்தாகிவிட்டது, உங்களிடம் தாமே சொல்லிக்கொள்வதாகக் கேட்டுக்கொண்டார்கள் என்றாராம் அவர்.

அப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. பூனை மட்டும் பேசியது. அதற்கு மீன் வேண்டும்.

அந்தப் போனைக் கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "உங்கிட்டயே வச்சிக்கோ. சார்ஜ் போட்டு வை. சோப்பு டப்பா வேண்டாம், நாறுது."

டிசம்பர் 27, சனி

கப்பல் பற்றித் தகவல் இல்லை. பேரம் நடக்கிறது என்று ஒரு பேச்சு, நடக்கவில்லை என்று இன்னொரு பேச்சு. அப்பா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏஜென்டைக் கூப்பிடுகிறார். நாங்கள் சுற்றி நிற்கிறோம். வேறு என்ன செய்வது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது தட்டை வைக்கும்படி யாரும் சொல்லவில்லை. மூன்று நாளாக அம்மாவே ஒவ்வொரு வேளையும் வைக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் அதையும் மற்றத் தட்டுகளோடு கழுவிக் கவிழ்க்கிறாள்.

4:40க்கு என் மேஜையில் பழைய போன் அதிர்ந்தது. மாடியிலிருந்து.

"saptiya?"

இந்தத் தடவை உள்ளே போய்த் திறந்தேன். நீலமாகட்டும்.

"சாப்பிட்டேன் சித்தி. பேச்சி."